பூட்ஸின் அடியில் எண்ணெய்

என்னோடு சேர்ந்து நரைத்தவர்களே, உங்கள் வீடுகளிலும் இப்போது கிளச் இல்லாத கார் வந்திருக்கும். என் மகளும் ஒன்று வாங்கியிருக்கிறாள். அதில் இடது காலுக்கு வேலையே கிடையாது, சும்மா மடக்கி வைத்துக்கொண்டு உட்காரலாம். போன மாதம், ஓட்டிப் பாருங்கள் அம்மா என்று சாவியைத் தந்தாள். நான் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிப் பின்பக்கம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தேன். இதென்ன கோயிலா என்று அவள் சிரித்தாள்.

நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். சர்ச் சபைப் பெண்களை ஏற்றிக்கொண்டு கன்வென்ஷனுக்கு வேன் ஓட்டிய காலத்தில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வண்டி ஓட்டும் நர்ஸ் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று கேலி செய்தீர்கள். உள்ளங்கால் எரிச்சல் என்று சொல்லி வைத்தேன். ஒருத்தி மருதாணி இலை அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், எனக்கு எரிச்சலும் இல்லை ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். எல்லைப் போராட்டம் நடந்த ஓர் ஆடி மாதத்தில் என் அப்பா ஓட்டிய கார் என் மாமாவின் காலை முறித்தது. அப்பா வேண்டுமென்றே ஏற்றினார் என்று ஊர் சொன்னது. என் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். அது அப்படி இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், அப்பாவும் பத்து வயதான நானும்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், பெரிய ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. அப்பா வக்கீல் வீட்டு டிரைவர். வக்கீல் சைவப் பிள்ளைமார், அந்தக் காலத்தில் நிறைய வயலும் தென்னந்தோப்பும் உள்ளவர். கறுப்புக் கார். பெட்ரோலும், மழையில் நனைந்த சீட்டுத் துணியும், வக்கீலின் பொடி மட்டையும் கலந்த ஒரு வாசனை அதற்கு உண்டு. அந்த வாசனை அப்பாவின் சட்டையிலும் இருக்கும். அப்பா வீட்டுக்கு வந்தார் என்பது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அப்பா வெறுங்காலோடுதான் ஓட்டுவார். அன்றைக்கு முக்கால்வாசி டிரைவர்கள் அப்படித்தான். ஆனால் அப்பாவுக்கு அது வழக்கம் மட்டுமில்லை, ஒரு நம்பிக்கை. "கிளச்சு பிடிக்கிய எடமுண்ணு ஒண்ணு உண்டு. அது காதுக்கும் கேக்காது, கண்ணுக்கும் தெரியாது. உள்ளங்காலு பறையும்" என்பார், உள்ளங்கால்தான் சொல்லும் என்று. கிளச் மிதியில் இருந்த ரப்பர் எப்போதோ தேய்ந்து போய், அப்பாவின் கால் படும் இடத்தில் மட்டும் இரும்பு வெள்ளி மாதிரி மின்னும்.

வக்கீல் வீட்டில் காரை வீட்டின் இன்னொரு அறையாகத்தான் நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் கழுவி விபூதி பூசுவார்கள். வக்கீலின் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் காரில் ஏறுவாள். அப்பாவின் வெறுங்கால் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மாமாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. மாமா அம்மாவின் அண்ணன். மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர், போராட்டத்துக்காக வேலையை விட்டவர். எங்கள் பக்கத்துத் தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குரல். மலையாளத்திலும் அதே பேச்சை அப்படியே பேசுவார், அதைச் சொல்லி ஊரில் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாமா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு அட்டைப் பெட்டி. நாகர்கோவிலில் வாங்கிய தவிட்டு நிற பூட்ஸ். அப்பா தூங்கும்போது அம்மா தென்னை ஈர்க்கை வைத்து அவருடைய பாதத்தை அளந்து, அந்த ஈர்க்கை அண்ணனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எதுக்கு மச்சான் இதெல்லாம்?" என்றார் அப்பா.

"எதுக்கா? எனக்க அப்பன் அந்த வக்கீலு வீட்டு வாசலத் தாண்டும்பம் செருப்பக் கையில பிடிச்சிட்டுப் போனவராக்கும். ஒனக்குத் தெரியாதா? நீயும் இந்தக் காலத்துல அவனுக்க காருல வெறுங்காலோட இருக்க. நாளைக்கே இதப் போட்டுட்டு ஓட்டணும்."

"அவிய சொல்லி ஒண்ணும் நான் வெறுங்காலோட ஓட்டல்ல. எனக்கு அதாக்கும் சௌகரியம்."

"அடிமைக்கு எல்லாம் சௌகரியம்தான்" என்றார் மாமா.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அப்பா பூட்ஸைக் காலில் மாட்டினார். ஒரு விரற்கடை பெரிசாக இருந்தது. முன்னால் பஞ்சு வைத்துக்கொண்டார்.

முதல் ஒரு வாரம் அவர் விடிகாலையில் எழுந்து போய், வக்கீல் வீட்டு முற்றத்தில் காரை முன்னும் பின்னும் நகர்த்திப் பழகினார். "பூட்ஸு போட்டா கிளச்சு செவிடாயிப் போவுது" என்று அம்மாவிடம் ஒருமுறை முணுமுணுத்தார். "எல்லாம் பழகப் பழக சரியாவும்" என்றாள் அம்மா. பழகிவிட்டார். மறு ஞாயிறு ஆராதனை விட்டு எல்லோரும் வெளியே வரும் நேரத்தில் கார் எங்கள் சபைக்கு முன்னால் வந்து நின்றது. அப்பா பூட்ஸ் காலோடு இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பார்க்காதவள் போல நின்று பார்த்தாள்.

வக்கீல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவிதான் ஒரு சட்டம் போட்டாள். "பூட்ஸு போடட்டு, குத்தமில்ல. அடிய நல்லாத் தொடச்சுட்டு ஏறணும்." அதனால் பூட்ஸின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டியதாயிற்று. அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் அப்பா கழற்றிப் போட்டதும் மடியில் வைத்துக்கொண்டு, ஈர்க்கால் சேற்றைச் சுரண்டி, துணியால் துடைப்பேன். தோல் வாசனை எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் தோலால் ஆன பொருள் அதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அம்மாவின் பைபிள் அட்டை.

ஆடி மழையில் நம் ஊரில் எதுதான் பூசணம் பிடிக்காமல் இருக்கும்? பெட்டி, பாய், குடைப் பிடி, எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படரும். பைபிள் அட்டையில் படர்ந்தால் அம்மா விரலில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவுவாள். பூசணமும் போகும், தோலும் வெடிக்காது. அந்த வருஷம் மழை விடவே இல்லை. ஒரு சாயங்காலம் நான் பூட்ஸை எடுத்துப் பார்த்தபோது மேலும் கீழும் வெள்ளை பூத்திருந்தது. அடித்தோலில் நீளமாக ஒரு வெடிப்பு வேறு.

நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் போடாத பொருள் எது, சொல்லுங்கள். தலைக்கு, புண்ணுக்கு, கதவுக் கீலுக்கு, தையல் மெஷினுக்கு. நான் குப்பியைச் சரித்து உள்ளங்கையில் ஊற்றி, பூட்ஸ் முழுவதும் தேய்த்தேன். மேலே தேய்த்ததைவிட அடியில்தான் நிறையத் தேய்த்தேன், அங்கேதான் வெடிப்பு இருந்தது. எண்ணெயைத் தோல் குடித்தது. குடிக்கக் குடிக்க ஊற்றினேன். வக்கீலின் மனைவி பார்த்தால் மெச்சுவாள் என்று நினைத்தேன்.

அதே சாயங்காலம் மாமா வந்தார். ரோட்டில் நின்றபடியே பேசினார், அவசரத்தில் இருந்தார். இன்றைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்துப் போயிருந்த சமயம் அது. வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

"மாப்ளே, நாளைக்கு இங்க ஜாதா உண்டு. தாசில்தாருக்க ஜீப்பு ஒடஞ்சு கெடக்குவாம். வக்கீலுக்க காரக் கேப்பானுவ. நீ காய்ச்சலுண்ணு சொல்லிட்டுக் கெட."

"வக்கீலு விளிச்சா போவாம இருக்க முடியாது மச்சான்."

"ஜாதாவுக்கு எதிர போலீஸுக்காரனையும் ஏத்திட்டு வருவியா நீ?"

அப்பா முற்றத்துக்கு இறங்கினார். பிறகு சொன்னார்: "காரு வேற ஆருக்க கையில இருந்தாலும் ஒங்களுக்குப் பயம்தான். எனக்க கையில இருந்தா ஒங்க ஆளுவளுக்கு ஒண்ணும் வராது. அத நான் பாத்துக்கிடுவேன்."

அம்மா கதவருகில் நின்று இதைக் கேட்டாள். இந்த வார்த்தையை அவள் பிறகு மறக்கவே இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. சபை மதிலோரம் பெண்களும் பிள்ளைகளும் ஜாதா ஊர்வலத்தைப் பார்க்க நின்றோம். எங்களுக்கு எதிரேதான் ஓடைக்கு மேலே அந்தச் சின்னக் கலுங்குப் பாலம், இரண்டு பக்கமும் முட்டளவு உயரத்துக் கல்சுவர். நீங்கள் பார்த்திருப்பீர்கள், இப்போது ரோட்டை அகலப்படுத்தி இடித்துவிட்டார்கள். ஜாதா தெற்கிலிருந்து வந்தது. இருநூறு முந்நூறு பேர் இருப்பார்கள். முன்னால் மாமா.

வடக்கிலிருந்து கார் வந்தது. உள்ளே தாசில்தாரும் இரண்டு போலீஸ்காரர்களும். கலுங்குக்குப் பக்கத்தில், ஜாதாவுக்கு முன்னால் வந்து நின்றது. கூட்டம் கத்தத் தொடங்கியது. ஒருத்தன் முன்னால் வந்து, "எலே, எறங்குலே" என்று பானெட்டில் அடித்தான். தாசில்தார் கண்ணாடியை இறக்கி, என்ஜினை நிறுத்தாதே, ஓஃப் ஆக்கண்டா என்று மலையாளத்தில் அப்பாவிடம் சொன்னது எங்களுக்கே கேட்டது.

அப்போது மாமா கையைத் தூக்கினார். கூட்டம் அடங்கியது. அவர் காருக்கு முன்னால் வந்து, முன்கண்ணாடி வழியாக அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "எனக்க தங்கச்சி மாப்ளயாக்கும். வழி விடுங்க, காரு போவட்டு" என்றார். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். மாமாவும் கலுங்குச் சுவரோரம் ஒதுங்கி, காருக்கு முதுகைக் காட்டி நின்று, இன்னும் ஒதுங்கச் சொல்லிக் கையை வீசினார்.

கார் ஒரே ஒரு துள்ளுத் துள்ளியது. ஓரமாகத் திரும்பியிருந்த சக்கரத்தோடு சுவரைப் பார்க்கத் துள்ளி, நின்றுவிட்டது. அவ்வளவுதான். பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் மாமாவின் இடது கால்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. மாமா முதுகைக் காட்டி நின்றதால் அவர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா அண்ணனைத்தான் பார்த்தாள்.

பிறகு கல் பறந்தது, லத்தி வந்தது. அப்பா கதவைத் திறந்துகொண்டு மாமாவிடம் ஓடினார், யாரோ கொடிக்கம்பால் அவர் முதுகில் அடித்தார்கள். ஒரு போலீஸ்காரன் அவரைப் பிடித்து உள்ளே தள்ளினான். இன்னொருவன் காருக்கு முன்னால் என்ஜினைக் கிளப்பும் ஹாண்டிலைப் போட்டுச் சுற்று சுற்றென்று சுற்றினான். என்ஜின் கிளம்பியதும் கார் பின்னால் நகர்ந்து திரும்பிப் போயிற்று. அந்தப் போலீஸ்காரன் ஹாண்டில் சுற்றியதை அத்தனை பேரும் பார்த்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

சாயங்காலம் அப்பா நடந்து வீட்டுக்கு வந்தார். அம்மா மாமாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அப்பா பூட்ஸைக் கழற்றிக் கிணற்றடியில் வைத்து, இடது கால் பூட்ஸைக் கவிழ்த்து, விரலால் அடியைத் தேய்த்து, மூக்கருகில் கொண்டுபோனார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மக்கா, இதுக்கு நீ என்ன தேச்சா?"

"எண்ண."

"அடியிலயுமா?"

"பூசணம் பிடிச்சிருந்துப்பா. வெடிச்சும் கெடந்து."

அப்பா என்னைத் திட்டவில்லை. ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு என் தலையில் வைத்தார். "ஒனக்குத் தெரியாது. நீ நல்லதுக்காக்கும் செய்தா. இத ஆருகிட்டயும் பறையண்டாம், அம்மைகிட்டயும் பறையண்டாம்" என்றார். மறுநாள் காலையில் பூட்ஸைக் காணவில்லை. மழையில் கரை நிறைந்து ஓடிக்கொண்டிருந்த ஓடையில் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபைக் கமிட்டி அப்பாவை விசாரித்தது. போதகர் நல்லவர், மெதுவாகத்தான் கேட்டார். அப்பா எழுந்து நின்று, "காலு வழுக்கீட்டு. வண்டி சாடிச்சு. தானா நிண்ணுது" என்றார்.

"தானா சாடி தானா நிக்கியதுக்கு அது என்ன ஆட்டுக்குட்டியா?" என்றார் கமிட்டியில் ஒருவர். விசாரணை நடக்கிற இடம் என்றும் பாராமல் ஆட்கள் சிரித்தார்கள்.

"பதினஞ்சு வருசமா வழுக்காத காலு, அண்ணைக்கு மட்டும் எப்படி வழுக்கும்?" என்று இன்னொருவர் கேட்டார்.

"பூட்ஸு போட்டிருந்தேன்."

"அந்தப் பூட்ஸக் கொண்டு வா. பாப்போம்."

"அது இல்ல."

"எங்க?"

"ஓடையில போட்டேன்."

அதோடு முடிந்தது. மச்சான் ஆசையாக வாங்கிக் கொடுத்த பூட்ஸின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அதையும் ஓடையில் போட்டுவிட்டான் என்று ஆயிற்று. நான் பெண்கள் பக்கத்தில், பாயில், அம்மாவின் அருகில் உட்கார்ந்திருந்தேன். நான்தான் எண்ணெய் போட்டேன் என்று ஒரு வார்த்தை. எழுந்து நின்றிருந்தால் போதும். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எழுந்திருப்பேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயம். மாமாவின் காலை முறித்தவள் என்று அம்மா என்னைப் பார்ப்பாளே என்ற பயம். அப்பா எனக்குப் பதிலாக அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டார், நான் வாங்கிக்கொள்ள விட்டேன்.

போலீஸ் அப்பா மேல் வழக்கு எழுதவில்லை. காரில் இருந்தது தாசில்தார் அல்லவா. அதுவும் அப்பாவுக்கு எதிராகத்தான் போயிற்று. வக்கீல் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை, காலை முறித்ததற்கு அது கூலி என்றார்கள். அப்பா தானாக நின்றுகொண்டு, வெள்ளறடையில் ரப்பரும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றும் லாரிக்குப் போனார். வெறுங்காலோடுதான்.

அம்மா மூன்று மாதம் அண்ணன் வீட்டில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்து சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், ஞாயிறு தோறும் அப்பாவுக்குச் சட்டை தேய்த்து வைத்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வாளே தவிர, தானாக அவரிடம் ஒரு பேச்சும் எடுக்கமாட்டாள். முப்பது வருஷம். என்றோ ஒருநாள் கோபத்தில் மட்டும், "எனக்க கையில இருந்தா ஒண்ணும் வராதுண்ணு சொன்ன ஆளுதானே" என்றாள். அப்பா வெளியே போய்விட்டார்.

எல்லையும் ஒருநாள் போட்டாயிற்று. நம் ஊர் இந்த மலையாளப் பக்கமே நின்றுவிட்டது, களியக்காவிளை அந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு போயிற்று. மாமா குடும்பத்தோடு அங்கே மாறிவிட்டார். அங்கே அவரைத் தியாகி என்றார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மேடையில் உட்கார வைத்து மாலை போடுவார்கள். எல்லைக்காகக் கால் கொடுத்தவர் என்பார்கள். அவர் கம்பை ஊன்றி எழுந்து கும்பிடுவார். அப்பா இறந்தபோது மாமா வந்தார். கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே, குழி மூடும்வரை நின்றுவிட்டுப் போனார்.

நான் நர்ஸாகி, வெளிநாட்டில் இருந்து திரும்பி, நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டப் பழகினேன். பழக்கிவிட்ட பையன் என் மகன் வயசு. முதல் நாள், கிளச்சை மெல்ல விடுங்கள் மேடம் என்றான். என் புதுச்செருப்பு மிதியிலிருந்து சறுக்கியது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. "கிளச்சச் சட்டுனு விட்டா இப்படித்தான் மேடம். சாடும், என்ஜின் தானா நின்னுடும். திரும்ப ஸ்டார்ட் பண்ணணும்" என்றான்.

தானா நிண்ணுது. அப்பா சொன்ன அதே சொல். இடிக்க நினைத்தவன் கிளச்சை ஒழுங்காக விட்டு, ஆக்ஸிலரேட்டரை அமுக்கி ஏற்றியிருப்பான். என்ஜின் நின்றிருக்காது, போலீஸ்காரன் ஹாண்டில் சுற்றவேண்டி வந்திருக்காது. அப்பா நிரபராதி என்பதற்குச் சாட்சி பட்டப்பகலில் முந்நூறு பேர் முன்னால் நடந்திருக்கிறது. அந்த முந்நூறு பேரில் ஒருவராவது கார் ஓட்டத் தெரிந்தவராக இருந்திருக்கக் கூடாதா? நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். அந்தப் பையன் பயந்துபோய், முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் என்று ஆறுதல் சொன்னான்.

கார் வாங்கியதும் முதலில் மாமா வீட்டுக்குத்தான் ஓட்டிக்கொண்டு போனேன். அம்மாவிடம் நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. மாமா சொன்னால் அவள் நம்புவாள் என்று கணக்குப் போட்டேன். மாமாவை முன்சீட்டில் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. "ஒனக்க அப்பன் ஏத்தினான், பொறவு நிறுத்தினான்" என்றார். நான் முதல் கியர் போட்டு, காலை மிதியிலிருந்து சறுக்க விட்டேன். கார் துள்ளி நின்றது. மாமாவின் கை டாஷ்போர்டைப் பிடித்தது.

"நீதானே நிறுத்தினா?"

"இல்ல மாமா. தானா நிண்ணுது."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். "ஒருக்கா கூடி" என்றார். மறுபடியும் செய்தேன். பிறகு இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது முறை கார் நின்றபோது அவர் கண்ணாடி வழியாக முற்றத்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணயா மக்கா?" என்றார். "அப்பம் நான் எதுக்காக்கும் இத்தற காலம் நொண்டினது?"

அவர் கம்பைத் தேடி எடுத்தார். "இத நீ ஆருகிட்டயும் பறையண்டாம். ஒனக்க அம்மகிட்ட நான் பறஞ்சுகிடுதேன்" என்றார். நான் நம்பினேன். அடுத்த வருஷமும் அவருக்கு மாலை போட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அம்மாவைப் பார்க்க வந்தார். அவரும் அம்மாவும் தனியாக உட்கார்ந்து பேசும்போதெல்லாம், இப்போது சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அம்மாவிடம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அவள் சுபாவம் அப்படி, வெளியே காட்டமாட்டாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

கடைசி வருஷங்களில் அம்மா என்னோடுதான் இருந்தாள். ஆடி மாதம், மழை. அவள் பாதம் வெடித்திருந்தது. குப்பியிலிருந்து தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, அவள் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி, தானாகப் பேச்சை எடுத்தாள்.

"ஒனக்க அப்பன் நல்ல மனுசன்தான் மக்கா. எனக்க அண்ணன அப்படிச் செய்யாம இருந்திருந்தா, நானும் அவருகிட்ட நல்லா இருந்திருப்பேன்."

மாமா சொல்லவில்லை. எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. என் கை நின்றுவிட்டது. எண்பத்தைந்து வயதில் அவளிடம் இதைச் சொன்னால், அந்த முப்பது வருஷத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, சபையில் பாயில் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து வயதுப் பயம்.

"ஏன் நிறுத்திட்டா? தேய்" என்றாள் அம்மா. நான் தேய்த்தேன்.